ஒரே முகம், மூன்று மொழிகள்: பாபெல்ஸ்பெர்க்கில் லிலியன் ஹார்வி

ஜெர்மானியத் திரைப்பட வரலாற்றில் 1929 முதல் 1930களின் நடுப்பகுதி வரையிலான ஆண்டுகள் ஒரு விசித்திரமான தொழில்முறையின் காலமாகும். ஒரே கதையை, ஒரே அரங்க அமைப்புக்குள், ஒரே ஒளியமைப்பில், நடிகர்களை மட்டும் மாற்றி மாற்றி நிறுத்தி, இரண்டு அல்லது மூன்று மொழிகளில் தனித்தனிப் படங்களாக எடுப்பதே அம்முறை. அது தோன்றியதற்கும் மறைந்ததற்கும் இடைப்பட்ட குறுகிய காலத்தில் அதன் பயனை வேறெவரையும்விட முழுமையாகப் பெற்றவர் லண்டனில் பிறந்த லிலியன் ஹார்வி. இவரைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இவருடைய மெல்லிய உடலையும், நடனத்தையும், வில்லி ஃபிரிட்ச் என்ற நாயக நடிகருடன் அமைந்த ஜோடிப் பொருத்தத்தையுமே புகழின் காரணங்களாகக் காட்டியிருக்கின்றனர். அவை பொய்யல்ல என்றாலும், ஆடத் தெரிந்த அழகிய நடிகையருக்கு அன்றைய பெர்லினில் பஞ்சம் இருக்கவில்லை என்பதையும், ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மூன்றிலும் பேசிப் பாடி நாயகியாக நிற்கக்கூடியவர் அவர்களிடையே மிக அரிது என்பதையும் சேர்த்து நோக்கினால்தான் இவருடைய ஏற்றமும் இறக்கமும் விளங்குகின்றன.

இவர் 1906 ஜனவரி 19 அன்று லண்டனின் வடபகுதியான ஹார்ன்சியில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஹெலன் லிலியன் மியூரியல் பாப்பே. தாய் ஆங்கிலேயர், தந்தை ஜெர்மனியின் மாக்டெபுர்க் நகரைச் சேர்ந்த வணிகர். 1914இல் முதல் உலகப்போர் மூண்டபோது குடும்பம் ஜெர்மனியில் இருந்தது. இங்கிலாந்துக்குத் திரும்பும் வழி அடைபட்டுப்போகவே, சிறுமி சுவிட்சர்லாந்தின் சோலோதூர்ன் நகரிலிருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். போருக்குப் பின் பெர்லினில் பள்ளிப்படிப்பை முடித்து, அங்கேயே நடனமும் குரற்பயிற்சியும் பெற்றார். இரு நாடுகளுக்கிடையே மூண்ட பகையில் அகப்பட்ட ஒரு குடும்பத்தின் அலைச்சல், பதினைந்து ஆண்டுகள் கழித்து ஒரு படநிறுவனத்துக்குப் பொன் காய்க்கும் மொழித்திறனாக மாறப்போகிறது என்று அன்று எவரும் எண்ணியிருக்க முடியாது. மேடைக்கு வந்தபோது இவர் பாட்டியின் குடும்பப் பெயரான ஹார்வியைத் தமதாக்கிக்கொண்டார். ஜெர்மனியில் ஆங்கிலப் பெயர் அப்போது மீண்டும் கவர்ச்சி பெறத் தொடங்கியிருந்தது.

1920களின் நடுவில் இவர் ரிச்சர்ட் ஐக்பெர்க் என்ற தயாரிப்பாளரும் இயக்குநருமானவரின் கண்ணில் பட்டு, அவருடைய மௌனப் படங்களில் நாயகியானார். 1926இல் வெளிவந்த 'கற்புடைய சூசான்' என்னும் படத்தில்தான் வில்லி ஃபிரிட்சுடன் முதன்முதலாக இணைந்தார். மௌனப் படத்தில் மொழி ஒரு பொருட்டல்ல. காட்சிகளுக்கு நடுவே வரும் எழுத்துப் பலகைகளை வெட்டியெடுத்து வேற்றுமொழிப் பலகைகளை ஒட்டிவிட்டால், பெர்லினில் எடுத்த படம் மறுவாரமே லண்டனிலோ லிஸ்பனிலோ ஓடும். ஆகவே நடிகர்களும் நாடுவிட்டு நாடு எளிதாகச் சென்றனர். இயக்குநர் டூபாண்டின் 'வெரைட்டி' (1925) படத்தில் வில்லனாக நடித்த வார்விக் வார்ட் ஓர் ஆங்கிலேயர். இன்னோர் இயக்குநரான பாப்ஸ்டின் 'ஓர் ஆன்மாவின் இரகசியங்கள்' (1926) படத்தில் நடித்த ஜாக் டிரெவரும் ஆங்கிலேயரே. இவர்கள் ஜெர்மன் பேசினார்களா, பேசினால் எப்படிப் பேசினார்கள் என்று பார்வையாளர் அறிய வேண்டிய தேவையே எழவில்லை. ஹார்வியும் அந்த வரிசையில் இன்னொருவராகவே இருந்தார். அவருடைய உண்மையான முதலீடு இன்னும் சந்தைக்கு வரவில்லை.

அச்சந்தையை உருவாக்கியது ஒலி. பெர்லினுக்குத் தென்மேற்கே, பொட்ஸ்டாம் நகரையொட்டிய பாபெல்ஸ்பெர்க்கில் 1912 பிப்ரவரியிலேயே படப்பிடிப்புத் தொடங்கியிருந்தது. முதலில் எடுக்கப்பட்ட படம் டென்மார்க் நடிகை ஆஸ்டா நீல்சன் நடித்தது. 1917 டிசம்பரில், போர்க்காலப் பரப்புரைத் தேவையை மனத்தில் கொண்டு, அரசும் வங்கிகளும் சேர்ந்து நிறுவிய ஊஃபா என்ற படநிறுவனம் பின்னர் இந்த வளாகத்தைத் தன்வயமாக்கிக்கொண்டது. நிறுவனம் 1920களின் நடுவில் கடனில் மூழ்கி, 1927இல் செய்தித்தாள் அதிபரும் தேசியவாத அரசியல்வாதியுமான ஆல்ஃபிரட் ஹூகன்பெர்கின் கைக்குப் போனது. 1929இல் ஓட்டோ கோட்ஸ் என்ற கட்டடக் கலைஞரின் வரைபடப்படி நான்கு ஒலிக்கூடங்கள் ஒரு நடுமுற்றத்தைச் சுற்றிச் சிலுவை வடிவில், சன்னலே இல்லாத செங்கற் சுவர்களோடு எழுப்பப்பட்டன. 'ஒலிச்சிலுவை' என்று பெயர்பெற்ற அக்கட்டடமே ஜெர்மனியில் பேசும்படத்துக்கென எழுந்த முதல் படப்பிடிப்புத் தளம். வெளியோசை உள்ளே வராமலும் ஒரு கூடத்தின் ஓசை இன்னொன்றில் புகாமலும் நான்கு படங்களை ஒரே நேரத்தில் எடுக்கலாம் என்பதே அதன் அமைப்புத் தத்துவம்.

கூடம் தயாரானதும் வணிகச் சிக்கல் தலைதூக்கியது. படம் பேசத் தொடங்கிய அன்றே அதன் சந்தை அதன் மொழியின் எல்லைக்குள் சுருங்கிவிட்டது. ஒலிக்கருவிகளுக்கும் கூடங்களுக்கும் கொட்டிய பணத்தை ஜெர்மன் பேசும் நாடுகளின் வசூலிலிருந்து மட்டும் திரும்ப எடுக்க முடியாது; குரலை மாற்றி ஒட்டும் 'டப்பிங்' முறையோ, பதிவான ஒலிகளைத் தரம் கெடாமல் கலக்கும் கருவி நுட்பம் இன்னும் முதிராததால், உதடு ஒருபுறமும் ஓசை ஒருபுறமுமாகப் போய் நகைப்புக்கு இடமானது. இக்கட்டத்தில்தான் பல்மொழி வடிவம் என்ற வழி கண்டுபிடிக்கப்பட்டது. தமிழ் வாசகருக்கு இது புதிதன்று. 1955இல் எல். வி. பிரசாத் இயக்கத்தில் விஜயா நிறுவனம் தெலுங்கில் 'மிஸ்ஸம்மா'வையும் தமிழில் 'மிஸ்ஸியம்மா'வையும் எடுத்தபோது, நாயகன் தெலுங்கில் என். டி. ராமராவாகவும் தமிழில் ஜெமினி கணேசனாகவும் மாற, இரண்டிலும் மாறாமல் நின்றவர் சாவித்திரி. ஊஃபா கால் நூற்றாண்டுக்கு முன் செய்ததும் இதுவே. அங்கே சாவித்திரியின் இடத்தில் நின்றவர் ஹார்வி.

முறையின் கணக்கு எளியது. கதை, இசை, அரங்கம், உடை ஆகியவற்றுக்கான செலவு ஒருமுறைதான். இரண்டாம் வடிவத்துக்கும் மூன்றாம் வடிவத்துக்கும் நடிகர் சம்பளமும் படச்சுருளும் சில கூடுதல் நாட்களுமே தேவை. நடைமுறையோ அவ்வளவு எளிதன்று. ஒரு காட்சி ஜெர்மனில் எடுத்து முடிந்ததும், ஜெர்மானிய நடிகர்கள் விலக, அதே நாற்காலியில், சுண்ணாம்புக்கட்டியால் தரையில் இட்ட அதே குறிகளில் பிரெஞ்சு நடிகர்கள் வந்து நிற்பார்கள். பிறகு ஆங்கிலக் குழுவினர். வசனத்தைக் கண்காணிக்க ஒவ்வொரு மொழிக்கும் தனி ஆள் உண்டு. மற்றவர்கள் இளைப்பாற, மூன்று குழுக்களோடும் சேர்ந்து அதே சிரிப்பை, அதே நடன அடியை, மூன்று மொழியில் மூன்று முறை செய்ய வேண்டியவர் நாயகி. இந்த உழைப்பைப் பற்றி அன்றைய விளம்பரங்கள் மூச்சுவிடவில்லை. 'உலகிலேயே இனிமையான பெண்' என்ற பட்டத்தைச் சூட்டி, எல்லாம் இயல்பாக நிகழ்வதுபோல் காட்டுவதே அவற்றின் வேலை.

இதே வேளையில் அமெரிக்காவின் பாரமவுண்ட் நிறுவனம் பாரிஸுக்கு அருகே ஜோன்வீலில் ஒரு படத்தளத்தை அமைத்து, ஒரே படத்தைப் பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் எடுக்க முயன்றது. அங்கே வேகம் இருந்தது; ஒவ்வொரு மொழிக்கும் கிடைத்த நடிகர்களை வைத்து நாட்கணக்கில் படத்தை முடித்துத் தள்ளியதால் தரம் இல்லை; முயற்சி விரைவிலேயே படுத்துவிட்டது. ஊஃபாவில் தயாரிப்புப் பொறுப்பிலிருந்த எரிக் பொம்மர் மொழிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொரு வடிவத்துக்கும் அந்த நாட்டில் பெயருள்ள நடிகரைத் தேடினார். 1932இல் வெளிவந்த, கடல்நடுவே மிதக்கும் விமானத்தளத்தைப் பற்றிய 'எஃப். பி. 1' படத்தில் ஒரே பாத்திரத்தை ஜெர்மனில் ஹான்ஸ் ஆல்பெர்ஸும், ஆங்கிலத்தில் கான்ராட் வைட்டும், பிரெஞ்சில் சார்ல் புவாயேயும் ஏற்றனர். நாயகரை மூவராக்கலாம், நாயகி ஒருவராகவே இருந்தால் விளம்பரம், புகைப்படம், இசைத்தட்டு எல்லாம் ஐரோப்பா முழுதும் ஒன்றாகிவிடும். ஹார்வியின் மதிப்பு உயர்ந்தது இந்தக் கணக்கினால்தான்.

1930ஆம் ஆண்டு இதற்கு நல்ல சான்று. அவ்வாண்டு வந்த 'ஹோக்குஸ்போக்குஸ்' படத்தில் கணவனைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பெண்ணாக இவர் நடித்தார். ஜெர்மன் வடிவில் ஃபிரிட்சும், ஆங்கில வடிவில், அன்று இருபத்து மூன்று வயதைக்கூடத் தாண்டாத லாரன்ஸ் ஒலிவியரும் உடன் நடித்தனர். பின்னாளில் ஆங்கில நாடக மேடையின் தலைமகனாகப் போகிறவர் திரையில் வைத்த முதல் அடிகளில் ஒன்று பாபெல்ஸ்பெர்க் செங்கற் கூடத்துக்குள் விழுந்தது என்பது ஆங்கிலத் திரை வரலாறுகள் ஓரிரு வரியில் கடந்துவிடும் செய்தி. அப்படத்தில் விளம்பரப் பெயர் ஹார்வியுடையது. ஒலிவியர் அவருக்கு வாய்த்த ஆங்கில நாயகர், அவ்வளவே.

அதே ஆண்டின் பெருவெற்றி 'பெட்ரோல் நிலையத்து மூவர்'. வெளியூர்ப் பயணம் முடிந்து திரும்பும் மூன்று நண்பர்கள் தாங்கள் திவாலாகிவிட்டதை அறிந்து, மிஞ்சிய காரை விற்று நெடுஞ்சாலையோரம் ஒரு பெட்ரோல் நிலையம் தொடங்க, மூவரும் தனித்தனியே ஒரே வாடிக்கையாளப் பெண்ணைக் காதலிக்கிறார்கள் என்பது கதை. வில்ஹெல்ம் தீலே இயக்கினார். வெர்னர் ரிச்சர்ட் ஹேமன் இசையமைத்தார். பிரெஞ்சு வடிவில் நாயகர் ஆன்ரி கரா. ஆடல் பாடல் கலந்த இலேசான மேடை நாடகத்தை ஒப்பரெட்டா என்பர். மன்னரும் இளவரசியும் உலவிய அந்த வடிவத்தை வேலையின்மை, ஜப்தி, பெட்ரோல் குழாய் ஆகியவற்றுக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்தியதே இப்படத்தின் துணிவு. ஜப்தி அதிகாரி வந்து வீட்டுப் பொருள்களைத் தூக்கிச் செல்லும் காட்சியும் பாட்டாகவே நடக்கிறது. முடிவில், திரை மூடிய பின்னும் பார்வையாளர்கள் எழுந்து போகாததைக் காதலர் இருவரும் திரைக்குள்ளிருந்து கண்டு வியந்து, முறைப்படி ஒரு நிறைவு நடனம் வேண்டும்போலும் என்று ஏற்பாடு செய்கிறார்கள். 1930 செப்டம்பர் 15 அன்று பெர்லினில் இப்படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. முந்தின நாள் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் ஹிட்லரின் கட்சி 107 இடங்களைப் பிடித்திருந்தது. இப்படங்கள் மக்களை மயக்கி நடப்பை மறக்கச் செய்தன என்று பின்வந்த விமரிசகர் சிலர் குற்றஞ்சாட்டினர். கடனும் திவாலும் கதையின் முதற்காட்சியிலேயே இருக்க, மறக்கச் செய்தன என்பது பொருந்தாத வாதம்.

1931இல் வந்த 'மாநாடு ஆடுகிறது' இம்முறையின் உச்சம். நெப்போலியனை வீழ்த்திய அரசர்கள் 1814–15இல் வியன்னாவில் கூடி ஐரோப்பாவின் எல்லைகளைத் திருத்திய மாநாடே பின்னணி. கிறிஸ்டல் என்ற கையுறை விற்கும் பெண் தன் கடையின் விளம்பரத்துக்காக ஊர்வலம் வரும் மன்னர்களின் வண்டியில் பூங்கொத்தை எறிய, அது வெடிகுண்டென எண்ணப்பட்டுக் கைதாகிறாள். அவளை விடுவித்துக் காதலிப்பவர் ரஷ்யாவின் ஜார் மன்னர் அலெக்சாண்டர். மேடை இயக்கத்தில் பெயர்பெற்ற எரிக் சாரெல் இதை இயக்கினார். ஜெர்மன் வடிவில் ஃபிரிட்ச் ஜாராகவும் அவருக்காக விழாக்களில் தலைகாட்டும் போலி உருவமாகவும் நடித்தார். பிரெஞ்சு, ஆங்கில வடிவங்கள் இரண்டிலும் ஆன்ரி கரா ஜாரானார். கான்ராட் வைட் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் மெட்டர்னிக்காக, மற்றவர்களின் உரையாடல்களைப் படுக்கையிலிருந்தபடியே ஒட்டுக்கேட்கும் அமைச்சராக வந்தார்.

அப்படத்தில் கிறிஸ்டலைக் கடையிலிருந்து குன்றின்மேல் உள்ள மாளிகைக்குத் திறந்த குதிரைவண்டி அழைத்துச் செல்லும் காட்சி தனியே கவனிக்கத் தக்கது. பேசும்படத்தின் தொடக்கத்தில், இரைச்சலிடும் படக்கருவியை ஒலிபுகாப் பெட்டிக்குள் அடைத்ததால் அது இடம்விட்டு நகர முடியாமல், மௌனப் படக்காலம் பெற்றிருந்த அசைவையெல்லாம் இழந்து கிடந்தது. சாரெலும் ஒளிப்பதிவாளர் கார்ல் ஹோஃப்மனும் முன்கூட்டிப் பதிவுசெய்த பாடலை ஒலிக்கவிட்டு, வண்டியோடு கருவியையும் ஓடவிட்டனர். ஹார்வி வண்டியில் எழுந்து நின்று பாட, தெருவார், சந்தைக்காரர், ஆற்றோரம் துணி துவைக்கும் பெண்கள், அணிவகுத்துச் செல்லும் படைவீரர் என வழியில் உள்ள ஒவ்வொருவரும் மெட்டைத் தொடர்ந்து எடுத்துக் கொடுக்கின்றனர். நீண்ட துண்டுகளாக, வெட்டு மிகக் குறைவாக, காட்சி நிமிடக்கணக்கில் ஓடுகிறது. ராபர்ட் கில்பர்ட்டின் வரிகளுக்கு ஹேமன் இட்ட அம்மெட்டுக்கு மற்ற இரு மொழிகளிலும் வேறு வரிகள் எழுதப்பட்டதால், இந்த ஓட்டமும் மும்முறை ஓட வேண்டியதாயிற்று. தமிழில் ஏ. வி. மெய்யப்ப செட்டியார் 'நந்தகுமா'ரில் (1938) பின்னணிப் பாடலைக் கையாண்டபோது, நடிப்பையும் பாட்டையும் பிரித்துப் பதியும் அதே வசதி வேறொரு தேவைக்குப் பயன்பட்டது: பாபெல்ஸ்பெர்க்கில் நடிகர் தம் குரலிலேயே ஓடிப் பாடுவதற்கு, தமிழில் பாடத் தெரியாதவரும் நடிப்பதற்கு.

1932இல் ஊஃபா, லண்டனின் கோமான்-பிரிட்டிஷ் நிறுவனத்தோடு ஆங்கில வடிவங்களுக்கென உடன்பாடு செய்துகொண்டது. 'பொன்னிறக் கனவு' அவ்வேற்பாட்டின் பயன்களில் ஒன்று. அவ்வளவில் ஹார்வி தமக்கான இடம் ஹாலிவுட் என முடிவுசெய்து, 1933இன் தொடக்கத்தில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் அழைப்பை ஏற்றுக் கடல் கடந்தார். அங்கே அடுத்தடுத்து மூன்று படங்களில் நடித்தும் எதுவும் நிலைக்கவில்லை. நான்காவதாக முன்வைக்கப்பட்ட பாத்திரத்தை இவர் மறுக்க, அது நடிகை ஆலிஸ் ஃபேக்குச் சென்று அவருடைய ஏற்றத்துக்கு வழிவகுத்தது. தோல்விக்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எல்லாவற்றிலும் எளியது, ஹாலிவுட் ஆங்கிலம் ஒன்றிலேயே படமெடுத்து உலகெங்கும் விற்கக் கற்றுக்கொண்டுவிட்டது என்பதே: மும்மொழி தெரிந்தவர் அங்கே ஒரு மொழிக்கான கூலியையே பெறுவார்.

இவர் இல்லாத காலத்தில் பாபெல்ஸ்பெர்க் வேறாகியிருந்தது. 1933 மார்ச் 29 அன்று கூடிய ஊஃபாவின் இயக்குநர் குழு, சட்டம் எதுவும் வற்புறுத்துமுன்பே, யூத ஊழியர்களோடு செய்த ஒப்பந்தங்களை முறிக்கத் தீர்மானித்தது. பொம்மர், சாரெல், ஹேமன், கில்பர்ட் ஆகியோர் நாட்டைவிட்டு வெளியேறினர். 'மாநாடு ஆடுகிறது' படத்தின் திரைக்கதையாளருள் ஒருவரான ராபர்ட் லீப்மன் பிரான்சில் பிடிபட்டு ஆஷ்விட்ஸில் உயிரிழந்தார். அதே படத்தின் நகைச்சுவை நடிகர் ஓட்டோ வால்புர்க்கும், 'பெட்ரோல் நிலையத்து மூவ'ரில் நடித்த குர்ட் கெரோனும் 1944இல் அங்கேயே கொல்லப்பட்டனர். படங்கள் இரண்டும் 1937இல் தடைசெய்யப்பட்டன. ஐரோப்பா முழுதும் விற்ற ஒரு பண்டத்தை ஆக்கிய கைகளை ஒரே கூட்டத்தில் வெட்டியெறிந்த நிறுவனம், அப்பண்டத்தின் பெயர்ப்பலகையான நாயகியை மட்டும் மீண்டும் அழைத்துக்கொண்டது.

1935இல் திரும்பிய ஹார்வி, பால் மார்ட்டின் இயக்கிய 'கறுப்பு ரோஜாக்க'ளில் பழையபடி மும்மொழியிலும் நடித்தார். 1936இல் வந்த 'அதிர்ஷ்டக் குழந்தைகள்' பிரெஞ்சிலும் எடுக்கப்பட்டது. ஆனால் டப்பிங் நுட்பம் தேறிவிட்டது. வெளிநாடுகளில் ஜெர்மானியப் படங்களுக்கு எதிர்ப்பும் வளர்ந்தது. 1937இல் அரசு ஊஃபாவின் பங்குகளை மறைமுகமாக வாங்கிக்கொண்டது. அவ்வாண்டு நிறுவனம் அறிமுகப்படுத்திய புதிய நட்சத்திரமான ஸ்வீடன் நாட்டு சாரா லியாண்டர் ஜெர்மனில் மட்டும் நடித்தாலே போதுமானதாக இருந்தது. ஹார்வியோ யூத நண்பர்களின் தொடர்பை விடாததால் இரகசியப் போலீசான கெஸ்டபோவின் கண்காணிப்புக்கு ஆளானார். ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவின்கீழ் கைதான நடன அமைப்பாளர் யென்ஸ் கைத்துக்கு இவர் பிணைத்தொகை கட்ட, வெளிவந்த அவர் நாட்டைவிட்டுத் தப்பினார். அதற்காக இவர் விசாரிக்கப்பட்டார். 1939இல் 'வண்டியோட்டும் பெண்' என்ற படத்தோடு ஊஃபாவுடனான தொடர்பு முடிந்தது. சொத்தின் பெரும்பகுதியை விட்டுவிட்டு இவர் பிரான்சுக்குச் சென்றார். அங்கே நடித்த இரண்டு படங்களே இவருடைய கடைசிப் படங்கள். பிரெஞ்சுப் படைவீரர்களுக்காகப் பாடிய இவருடைய ஜெர்மானியக் குடியுரிமை 1943இல் பறிக்கப்பட்டது. மௌனப் படக்காலத்தில் இவரோடு பெர்லினில் இருந்த ஆங்கிலேயர் ஜாக் டிரெவர் ஜெர்மனியிலேயே தங்கி, நாஜி வானொலிப் பரப்புரையில் பங்குகொண்டு, போருக்குப் பின் அதற்காக இங்கிலாந்தில் தண்டனை பெற்றார்.

அமெரிக்காவில் போர்க்காலத்தைக் கழித்த ஹார்வி, பின்னர் பாரிஸுக்குத் திரும்பி, பாடகியாக ஊர் ஊராகச் சென்றார். 1949இல் மேற்கு ஜெர்மனியிலும் மேடையேறினார். ரசிகர் கேட்டது பழைய பாடல்களையே. 1955இல் அவருடைய இரு பெரும் படங்களும் மீண்டும் எடுக்கப்பட்டன: 'மாநாடு ஆடுகிறது' ஆஸ்திரியாவில் யோஹன்னா மாட்ஸையும், 'பெட்ரோல் நிலையத்து மூவர்' மேற்கு ஜெர்மனியில் ஜெர்மெய்ன் டாமரையும் நாயகியராகக் கொண்டு வந்தன. இரண்டாவதில் வில்லி ஃபிரிட்சும் இருந்தார், இம்முறை நாயகியின் தந்தையாக. ஹார்வி பிரான்சின் தென்கடற்கரையில் குடியேறி, நினைவுப்பொருள் கடை ஒன்றை நடத்தியும், உணவுக்கான நத்தைகளை வளர்த்தும் வாழ்ந்து, 1968 ஜூலை 27 அன்று ஜுவான்-லே-பானில் தம் அறுபத்திரண்டாம் வயதில் இறந்தார்; ஆண்டிப் நகரில் அடக்கம் செய்யப்பட்டார்.